ஆமைப்பூட்டின் அடியில் ஒரு ஓட்டை

மானிப்பாயில் என் இரும்புக்கடை ஆமைப்பூட்டு தொங்காத வாசல் படலை குறைவு. கீரிமலையிலிருந்தும் வந்து வாங்குவார்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. சைக்கிளில் ஆணி கட்டிக்கொண்டு போய் விற்று மேலே வந்தவன் நான். என் சம்பந்தியோ மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, அதிபராகி ஓய்வு பெற்றவர். படிக்காதவனுக்கும் அறிவு உண்டு என்று ஊருக்கு முன்னால் ஒருமுறையாவது அவரை வென்று காட்டவேண்டும் எனக்கு. சனசமூக நிலையத்துப் பொது அறிவுப் போட்டியில் பெயர் கொடுத்தது அதற்காகத்தான்.

பேனை மூடியின் நுனியில் ஏன் ஓட்டை? பிள்ளை விழுங்கினாலும் மூச்சுப் போக. காலையில் பாண் விற்கிற ஓட்டோ போட்டுக்கொண்டு வரும் மெட்டு எங்கேயது? ஜெர்மன்காரர் ஒருவர் பியானோவுக்கு எழுதியது. அலுமாரியும் சப்பாத்தும் கதிரையும்? போர்த்துக்கேயன் விட்டுப்போன சொற்கள். எல்லாம் ஆணி சுற்றிக் கொடுக்கிற பழைய பேப்பரில் வாசித்தவை. கடைசிக் கேள்வி வரும்போது நானும் சம்பந்தியும் சமம்.

"ஆமைப்பூட்டிலை திறப்புப் போடுற ஓட்டைக்குப் பக்கத்திலை ஒரு சின்ன ஓட்டை இருக்கு. ஏன்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "உதை என்னட்டையோ கேக்கிறியள்? உது செய்யேக்கை விழுந்த துளை. பூச்சி போகாமல் மெழுகாலை அடைக்கவேணும்."

சம்பந்தி மெதுவாகச் சொன்னார்: "உள்ளை போன மழைத்தண்ணி வடியிறதுக்கு."

மணி அவருக்கு அடித்தது. பின்வரிசையில் ஒருவர் எழும்பினார். "அண்ணை, எங்கடை பூட்டுக்கும் மெழுகுதிரி உருக்கி விட்டுத் தந்தனீங்களெல்லே? அதுதான் மாரி வந்தால் இறுகிப் போகுது!"

தோற்றதைக்கூடப் பொறுப்பேன். ஆனால் வேறு எந்தக் கடையிலும் கிடைக்காத சேவை என்று சொல்லிச் சொல்லி, விற்ற பூட்டையெல்லாம் என் கையாலேயே அடைத்துக் கொடுத்தவன் நான். மாரி தொடங்க நாலைந்து நாள்தான் இருந்தது. கதிரையில் இருக்க முடியவில்லை. மெழுகைக் குத்தி எடுக்க ஊசியும் எண்ணெய்ப் போத்தலும் எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டேன்.

முதல் வீட்டில் "புது முறை ஒண்டு வந்திருக்கு" என்றேன். மூன்றாம் வீட்டில் மெழுகோடு துருவேறிய கறள் தண்ணீரும் ஒழுகியபோது அந்தக் கதையும் வாயில் வரவில்லை. தேத்தண்ணி தந்தார்கள், நின்று குடிக்கவும் பொறுமை இல்லை. மறுநாளும் ஓடினேன். மூன்றாம் நாள் கீரிமலையில், கடற்றொழில் செய்கிற வீடு. அந்த அம்மா திறப்பைப் போட்டார். பூட்டு டக்கென்று திறந்தது. திருப்பிப் பார்த்தேன். ஓட்டை துப்பரவாக இருந்தது.

"மெழுகு எங்கை?"

"வாங்கின அண்டைக்கே குத்தி எடுத்துப்போட்டன். தண்ணி நிண்டால் இரும்பு கெடுமெண்டு கடக்கரையிலை இருக்கிற எங்களுக்குத் தெரியாதோ, ஐயா?"

"அப்ப எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் கதைக்கத் தொடங்கினால் ஆர் இடையிலை வாய் திறக்கிறது?"

"நீங்கள் எத்தினையாம் வகுப்பு வரை படிச்சனீங்கள்?"

"நான் பள்ளிக்கூட வாசலே மிதிக்கேல்லை."

போட்டியில் நான் காட்ட நினைத்ததை இவர் காட்டிவிட்டார். எனக்கு அது கொஞ்சம் குத்தியது; கொஞ்சம் சந்தோசமாகவும் இருந்தது. தேத்தண்ணி போடவா என்று கேட்டார். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. என் பூட்டுத் தொங்குகிற இன்னும் ஒரு படலை மிச்சம், வேண்டுமென்றே கடைசிக்கு விட்டது. ஊசியைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு சம்பந்தி வீட்டுக்கு வெளிக்கிட்டேன்.