ஒஹையோ புத்தகமும் ஒரு கேள்விக்குறியும்

ஸ்ரீரங்கம் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு நெற்றியில் நாமம், மடியில் ஒஹையோ குடும்பங்களின் வரலாறு என்ற தடித்த புத்தகம். அமெரிக்க மருமகளின் முன்னோரைத் தேடுகிறாராம்; ஏழு தலைமுறை வரை வந்துவிட்டாராம். உறுதியாகாத பெயர்களுக்கெல்லாம் ரப்பர் வைத்த பென்சிலால் கேள்விக்குறி போட்டுக்கொண்டே வந்தார்.

என் மடியில், பள்ளிக்கூடத்தில் கொடுக்கவேண்டிய வம்சமரப் படம்; மகள் அதை மறந்து வீட்டிலேயே விட்டுப்போயிருந்தாள். ஒரு கொள்ளுப்பாட்டியின் பெயர் தெரியாமல் நானாகவே 'லட்சுமி' என்று எழுதியிருந்தேன்.

எட்டிப் பார்த்தவர், "இதுக்கு என்னம்மா ஆதாரம்?" என்றார்.

"காலியா விட்டா மார்க் குறைச்சுடுவாங்க சார்."

"இப்படி யாரோ எழுதி வச்சதை நம்பித்தான், இல்லாத மனுஷியை ஒரு வருஷம் தேடினேன்!"

எனக்குச் சுருக்கென்றது. "உங்க கொள்ளுப்பாட்டி பேர் என்ன சார்?"

மருமகளுக்கு ஏழு தலைமுறை சொன்னவர் காவிரிப் பாலம் முடியும்வரை யோசித்தார். பிறகு பென்சிலை நீட்டினார்.

லட்சுமியை அழித்துக் கேள்விக்குறி போட்டேன். யார் சொல்லி அழித்தேன் என்று டீச்சர் கேட்டால் சொல்வதற்கு, அந்த மனிதரின் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.