அதிர மட்டும் தெரிந்த கடிகாரம்

எங்கள் வீட்டையும் பக்கத்து வீட்டையும் ஒரு பச்சை நைலான் கயிறு இரண்டு வருடம் சேர்த்து வைத்திருந்தது. ஒரு முனை என் மனைவியின் கால் கட்டைவிரலில் இருக்கும். அங்கிருந்து கட்டிலைத் தாண்டி, ஜன்னல் கம்பி வழியாக வெளியே போய், இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள சந்தின் மேலாகப் போய், பக்கத்து வீட்டு அக்காவின் மாட்டுக் கொட்டகைத் தூணில் முடியும். அக்கா விடியற்காலையில் பால் கறக்க எழுந்ததும் முதல் வேலையாக அதை இழுப்பார். எங்கள் ஜன்னலில் வெளிச்சம் வந்த பிறகுதான் மாட்டிடம் போவார்.

என் மனைவிக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது, பேச்சும் இல்லை. நான் திண்டிவனத்தில் ஓர் அரிசி ஆலையில் இரவுக் காவல். நான் வீடு திரும்புவதற்குள் அவள் வேலைக்குக் கிளம்பியாக வேண்டும். ஷூ கம்பெனியில் தையல் வேலை. கம்பெனி வேன் இருட்டோடு வந்து மயிலம் ரோட்டில் எங்கள் ஊர் நிறுத்தத்தில் நிற்கும். நிற்கும் என்றால், ஏறுகிறவர்கள் ஏறும் வரைதான். மற்றப் பெண்களை எழுப்ப அம்மா கத்துவாள், போன் கத்தும். இவளுக்குக் கயிறு.

"மாட்டக்கூட ஒருவாட்டி இழுத்தா எழுந்துருது தம்பி. உன் பொண்டாட்டிய மூணுவாட்டி இழுக்க வேண்டிக்கீது" என்பார் அக்கா. நான் அதைச் சைகையில் அவளுக்குச் சொல்வேன். மாட்டை ஒருநாள் ஷூ தைக்கச் சொல் பார்ப்போம் என்று அவள் கையாலேயே திருப்பிக் கொடுப்பாள். அக்காவுக்கு அது நான் சொல்லாமலே புரியும்.

அந்த வேலை அவளுக்கு என்ன என்பதைச் சொல்ல வேண்டும். முன்பு மல்லாட்டைச் செடியில் கடலை ஆய்கிற கூலிக்குப் போவாள். சுற்றி உட்கார்ந்த பெண்கள் நாளெல்லாம் பேசிச் சிரிப்பார்கள். இவள் அவர்கள் வாயைப் பார்த்தபடி காயைப் பறித்துக்கொண்டிருப்பாள். ஷூ கம்பெனியின் தையல் கூடத்தில் மிஷின் சத்தத்தில் யார் பேசினாலும் யாருக்கும் கேட்காதாம். எல்லாரும் கையால்தான் பேச வேண்டும். அங்கே நன்றாகப் பேசத் தெரிந்த ஒரே ஆள் இவள். புதிதாகச் சேரும் பெண்கள் இவளிடம்தான் சைகை கற்றுக்கொண்டார்கள். முதல் மாதம் வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது அவள் கைகள் ஓடிய வேகத்தை என் கண்ணால் பிடிக்க முடியவில்லை.

நான் பயந்தாங்கொள்ளி. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். படித்திருந்தால் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்றாவது தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். அவள் சைகையில் எனக்கு வைத்திருக்கும் பெயரே அதுதான்: நெஞ்சின் மேல் ஐந்து விரலையும் படபடவென்று அடிப்பாள். எங்கள் உறவுக்காரர்கள் எல்லாருக்கும் அந்தப் பெயர் தெரியும்.

போன மழைக்காலத்துக்கு முன் அக்கா வந்து, விழுப்புரத்தில் மகளுக்குப் பிரசவம், போனால் திரும்ப ஆறு மாதமாகும், மாட்டைத் தன் கூடப்பிறந்த தம்பி வீட்டில் விடப்போவதாகச் சொன்னார். இனி கயிற்றை யார் இழுப்பது? போனைத் தலையணைக்கு அடியில் வைத்து முன்பே பார்த்தாயிற்று. அது அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்து கீழே விழுந்து, தரையில் தனியாக அதிர்ந்துகொண்டிருந்தது. கொஞ்ச நாள் வேலையை விட்டு நின்றுவிடேன் என்று அவளிடம் மெதுவாகக் கை காட்டினேன். அவள் என்னைச் சுட்டினாள், ஆலையின் கேட்டை இழுத்து மூடுவதுபோல் காட்டினாள். நீ நின்றுகொள். அதற்குப் பிறகு அன்று முழுக்க என் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காவிட்டால் அவளிடம் நான் எதையும் சொல்லவும் முடியாது.

அப்போதுதான் ஸ்மார்ட்வாட்ச் நினைவுக்கு வந்தது. முன்பு அதைக் காரில் வந்து இறங்குகிறவர்கள் கையில் பார்த்திருக்கிறேன். இப்போது பஸ் கண்டக்டர் கையில் இருந்தது, இளநீர் வெட்டுகிறவர் கையில் இருந்தது, ஆலைக்கு மூட்டை தூக்க வருகிறவர்கள் கையில் இருந்தது. விலை ஆயிரத்துச் சொச்சத்துக்கு இறங்கியதும் ஊரே மணிக்கட்டை நீட்டிவிட்டது. நானும் திண்டிவனம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் செல்போன் கடையில் ஒன்று வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து முதலில் என் கையில் கட்டிப் பார்த்தேன். அடியில் ஒரு பச்சை விளக்கு தோலுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் மினுங்கியது. என் நெஞ்சு துடிப்பது எண்ணாக வந்தது. உள்ளே ரத்தம் ஓடுவதை ஒரு விளக்கு வெளியிலிருந்தே எண்ணிச் சொல்கிறது என்றால் சும்மாவா? எண்ணைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்தது. பயம் வந்ததும் எண் ஏறியது. ஏறிய எண்ணைப் பார்த்து இன்னும் பயந்தேன். அவள் விழுந்து விழுந்து சிரித்து, கடிகாரத்தைக் கழற்றித் தன் கையில் கட்டிக்கொண்டாள்.

சில நாள் எல்லாம் சரியாகப் போனது. அக்காவும் நிம்மதியாக விழுப்புரம் போனார். ஆனால் அந்தக் கடிகாரம் அவள் போனோடு பேசுகிற கடிகாரம். அவளுக்குக் கூப்பிட்டுப் பேசுகிற வழி இல்லாததால் சொந்தக்காரர்கள் எல்லாரும் அன்பை வாட்ஸ்அப்பில்தான் காட்டுவார்கள். எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்குக் காலை வணக்கம் என்பது கோழிக்கு முன்பே அனுப்புவது. முருகன் படம் வந்தால் கை அதிரும், ரோஜாப்பூ வந்தால் கை அதிரும். அப்படி அதிர்ந்த முதல் நாள் அவள் முருகனுக்கு எழுந்து, குளித்து, சோறு கட்டிக்கொண்டு போய் இருட்டில் ரோட்டோரம் நின்றிருக்கிறாள். வேன் வர இன்னும் நெடுநேரம் இருந்திருக்கிறது. அப்புறம் தூக்கத்திலேயே அவள் கை பழகிவிட்டது. அதிர்ந்தால் புரண்டு படுத்தாள். ஒருநாள் நிஜமான அலாரத்துக்கும் புரண்டு படுத்தாள். வேன் போய்விட்டது.

படத்தையெல்லாம் கடிகாரத்துக்கு வராமல் நிறுத்தலாம் என்று கடைக்காரர் நிறுத்திக் கொடுத்தார். அடுத்த வாரம் அதில் சார்ஜ் தீர்ந்து ஒரு காலை செத்துக் கிடந்தது. அவள் தூங்கும்போது இதயம் எப்படித் துடித்தது என்று நான் வந்து பார்ப்பதற்காக ராத்திரியெல்லாம் அதை எண்ண விட்டிருந்தேன். அது எண்ணி எண்ணியே தீர்ந்திருந்தது. இன்னொரு தடவை வேன் தவறினால் அந்த மிஷினில் வேறு ஆளை உட்கார வைப்போம் என்று சூப்பர்வைசர் மெசேஜ் அனுப்பினார். அவள் அதை எனக்குப் படிக்கக் காட்டினாள். நெஞ்சில் விரலை அடித்துக் கேலி செய்யவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அன்று பஜாரில் வாட்ச் கடை வைத்திருக்கும் பாயிடம் இரண்டு பேரும் போனோம். அவர் கோட்டக்குப்பத்துக்காரர், மச்சான் துபாயில் இருக்கிறார். நான் ஸ்மார்ட்வாட்ச்சை மேசையில் வைத்துக் கதையைச் சொன்னேன்.

"பத்து வேல செய்றவன்கிட்ட போயி ஒரே வேலைய கரெக்டா செய்யச் சொன்னா எப்பிடிண்ணே?" என்றவர் தன் கையைக் காட்டினார். "இதப் பாருங்க. தொழுவுற நேரம் சொல்லும். வேற எதுவும் தெரியாது இதுக்கு. எத்தினி வருசமா கட்டிக்கினு இருக்கேன், ஒரு நாள் தப்பினதில்ல."

"இவங்களுக்குன்னு அப்பிடி ஒண்ணு இருக்குமா பாய்?"

"காது கேக்காதவங்களுக்குன்னே பண்றாங்க. மணி காட்டும், நேரம் வந்தா அதிரும். அவ்ளோதான். பேட்டரி போட்டா வருசக்கணக்குல ஓடும். ஒண்ணு மச்சான் அனுப்பினது இருக்கு, யாரோ கேட்டுட்டு அப்புறம் வரவே இல்ல."

விலையைச் சொன்னார். மூவாயிரத்தை ஒட்டி வந்தது. நான் திடுக்கிட்டுவிட்டேன்.

"என்னா பாய், நெஞ்ச எண்ணுது, நடக்குற அடிய எண்ணுது, அது ஆயிரம். ஒண்ணுமே பண்ணாதது மூவாயிரமா?"

"அத நாடே வாங்குதுண்ணே, வெல எறங்கிக்கினே போவுது. இத யாரு வாங்குறா? உங்கள மாதிரி ஒருத்தர், ரெண்டு பேரு. ஒருத்தர் ரெண்டு பேருக்குன்னு ஒருத்தன் உக்காந்து பண்றானே, அவன் வயித்துக்கும் வேணுமில்ல?"

அந்த ஒருத்தனை நினைத்துப் பார்த்தேன். எந்த ஊர், எந்த பாஷை தெரியவில்லை. என் மனைவியை முன்னே பின்னே பார்த்திராத யாரோ ஒருவர், காது கேட்காதவள் காலையில் எப்படி எழுந்திருப்பாள் என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறார். ஊரில் எத்தனையோ பேர் அவளுக்காக உச்சுக் கொட்டியிருக்கிறார்கள். இதை யோசித்தவர்கள் நானும் அக்காவும்தான் என்று நினைத்திருந்தேன். எங்களுக்கு ஒரு கயிறுதான் தோன்றியது.

பாய் அதை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து ஒரு பொத்தானை அழுத்தினார். அவள் துள்ளினாள். ஸ்மார்ட்வாட்ச் அதிர்வது கொசு முட்டுவதுபோல என்றால், இது தோளைப் பிடித்து உலுக்குவதுபோல இருந்தது. அவள் இன்னொரு தடவை அழுத்தச் சொன்னாள். பிறகு தானே அழுத்திக்கொண்டாள். நான் பையில் கை விடுவதற்குள் தன் சம்பளத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

அன்று இரவு ஆலையில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூடக் காவல் பார்க்கிறவரிடம் கெஞ்சினேன். "போய்யா, பேஜாரு புடிச்ச ஆளு நீ. ஜல்தியா போயி பாத்துட்டு வா" என்று அனுப்பிவிட்டார். வண்டியை ஊர் முனையிலேயே அணைத்துத் தள்ளிக்கொண்டு வந்தேன். அக்காவின் கொட்டகையில் மாடு இல்லை, தூணில் கயிறு அப்படியே இருந்தது. மறுமுனை கட்டில் காலில் கட்டிக் கிடக்கும் என்று நினைத்தேன். அவள் எழுந்திருக்காவிட்டால் கட்டிலையாவது ஆட்டுவோம் என்று கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றேன். ஜன்னல் இருட்டாக இருந்தது. நேரமாகிவிட்டதுபோல் தோன்றியது. இழுக்கலாமா, இன்னும் கொஞ்சம் பார்க்கலாமா என்று கயிற்றை இறுக்குவதும் தளர்த்துவதுமாக இருந்தேன்.

அப்போது கயிறு என் கையை இழுத்தது.

ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. விளக்கு எரிந்தது. அவள் தலை வாரி, பூ வைத்து, சாப்பாட்டுப் பையோடு ஜன்னலில் நின்றாள். எப்போதோ எழுந்து கிளம்பி இருட்டில் உட்கார்ந்திருக்கிறாள், நான் வருவேன் என்று தெரிந்தே. கடிகாரம் கட்டிய கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, அதே கையால் நெஞ்சில் படபடவென்று அடித்து என்னைக் கூப்பிட்டாள்.

ரோடு வரைக்கும் கூடவே நடந்தேன். வேன் வந்தது. உள்ளேயிருந்து பெண்கள் ஜன்னலுக்கு ஜன்னல் கை அசைத்தார்கள். அவள் ஏறுவதற்குள்ளேயே கைகளால் அவர்களிடம் எதையோ சொல்ல ஆரம்பித்துவிட்டாள். என்னைப் பற்றித்தான். வேனே என்னைப் பார்த்துச் சிரித்தது.