மடிக்கு எடுத்த ஆரத்தி

காலை ஐந்தேகால் மணி. கொட்டகை விளக்கில் நான் முதலில் பார்த்தது அம்மாவின் உள்ளங்கையை. அதில் பாலுக்குப் பதிலாகத் தண்ணீரும், திரிந்த தயிர் போலச் சில கட்டிகளும் இருந்தன. பசுவின் மடி ஒரு பக்கம் வீங்கிக் கன்றிப்போயிருந்தது. தொட்டதும் பசு காலை உதறியது.

எனக்கு அப்போது ஏழு வயது. ஊர் திருவையாற்றுப் பக்கம். வீட்டில் கறவை அது ஒன்றுதான். அம்மா ஆசைப்பட்டு வாங்கியது. காம்பு அடைத்துப்போனால் மாட்டு வியாபாரியைக் கூப்பிட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டு அப்பா வயலுக்குப் போய்விட்டார். அம்மா கால்நடை டாக்டருக்கு போன் செய்தாள்.

டாக்டரம்மா ஸ்கூட்டியில் வந்து ஊசி போட்டார். சோற்றுக்கற்றாழை, மஞ்சள்தூள், சுண்ணாம்பு மூன்றையும் அரைத்து நாள் முழுக்க மடியில் பூசவும் சொன்னார். கூட நின்ற சித்தப்பாவுக்கு அது சரியாகப் படவில்லை.

"ஊசிதான் போட்டாச்சே மேடம், அப்புறம் எதுக்கு இந்தச் சமையல்?"

"ஊசி கிருமியப் பாத்துக்கும். வீக்கம் முத்துனா மடிக்குள்ள பால் சுரக்கிற செல்லுங்க செத்துப்போயிடும், அப்புறம் அந்தக் காம்புல பால் வராது. கத்தாழையிலயும் மஞ்சள்லயும் இருக்கறது அந்த வீக்கத்த அடக்கும். பேசாம அரைங்க."

சித்தப்பா அரைத்தார். சுண்ணாம்பு சேர்ந்ததும் மஞ்சள் போய் விழுது செக்கச்செவேலென்று ஆனது. மிக்சி ஜாரைக் கழுவிய தண்ணீரை அவர் வாசலில், கோலத்துக்குப் பக்கத்தில் வீசி ஊற்றினார். காலையில் வாசலில் சிவப்புத் தண்ணீர் கிடந்தால் யாருக்கோ ஆரத்தி சுற்றிக் கொட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். சித்தப்பாவுக்கோ வெகுநாளாகப் பெண் தேடிக்கொண்டிருந்தார்கள்.

எதிர்வீட்டு அத்தை தலையை அள்ளி முடிந்துகொண்டே வந்தார். பின்னாலேயே பக்கத்து வீட்டுப் பெண்களும் வந்துவிட்டார்கள்.

"கொழுந்தன் பொண்ணக் கூட்டிட்டு வந்துட்டாரு, நீயும் ஆரத்தி எடுத்துட்ட. எதுத்த வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அம்மாவுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் முகத்தை மாற்றாமல் சொன்னாள்: "பொண்ணு கொட்டகையில நிக்குது அண்ணி. போய்ப் பாருங்க."

கொட்டகையில் சித்தப்பா கிண்ணமும் கையுமாகக் குந்தியிருந்தார். பசு விட்ட உதையில் விழுது சிதறிச் சட்டையெல்லாம் சிவப்பு. அத்தை இருவரையும் நிதானமாகப் பார்த்தார்.

"பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா. மாப்பிள்ளையத்தான் புடிக்கல போல."

கல்யாணம் பார்க்க வந்தவர்கள் யாரும் உடனே திரும்பிப் போகவில்லை. ஒருவர் மூக்கணாங்கயிற்றைப் பிடிக்க, ஒருவர் கழுத்தைச் சொறிந்துகொடுக்க, பூசும் வேலை பகல் முழுக்கக் கைமாறிக்கொண்டே இருந்தது. சித்தப்பாவைக் கிண்டல் செய்வதும் நிற்கவில்லை. சாயங்காலம் வந்த அப்பா மடியை மெல்லத் தடவிப் பார்த்தார். வியாபாரி பேச்சை எடுக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து நோய் கண்ட காம்பில் பால் பீய்ச்சியது. கட்டி இல்லை, சுத்தமான வெள்ளை. நுரை செம்பின் விளிம்புக்கு ஏறியது. அத்தையை அம்மா சத்தம்போட்டுக் கூப்பிட்டுக் காட்டினாள். நான் டம்ளரை நீட்டிக்கொண்டு நின்றேன்.

அம்மா செம்பைக் கொல்லைக்கு எடுத்துப்போய், அவ்வளவு பாலையும் தென்னை மரத்தடியில் ஊற்றினாள். முகமெல்லாம் சிரிப்பு. நல்ல பாலைக் கொட்டிவிட்டு ஒருத்தி எப்படிச் சிரிக்க முடியும் என்று நான் அழுதேன். ஊசி மருந்து சில நாள் பாலில் இறங்கும் என்பது எனக்குத் தெரியாது.

அன்று அத்தை உட்பட எல்லோரும் கடுங்காப்பி குடித்தோம்.