இங்கே சின்னப் பிள்ளை கிடையாது

அன்று காலை பத்தரை மணிக்கு எங்கள் தெருவில் நோட்டும் கையுமாக ஒரு பெண் நுழைந்தாள். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஒட்டும் வீடுகளுக்கு நோட்டைப் பார்த்தாலே பயம். வேலை செய்யும் பிள்ளைகளைக் கணக்கெடுக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். என் ஒன்பது வயது மூத்த மகள் அன்றும் பள்ளிக்கூடம் போகாமல் என்னோடு பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். அவளையும் இரண்டரை வயதுச் சின்னவளையும் உள்ளே இழுத்துத் தகரக் கதவைத் தாழிட்டேன்.

"யக்கா, பால்வாடில இருந்து வாரேன். சின்னப் பிள்ளைககிட்ட எப்படிப் பேசணும், விளையாடணும்னு சொல்லுதோம்."

பிள்ளையோடு பேச ஒருத்தி சொல்லித் தர வேண்டுமா? சந்தேகம் இன்னும் கூடியது.

"இங்கன சின்னப் பிள்ளையே கிடையாது, போம்மா!"

அவள் நம்பவில்லை. கதவைப் படபடவென்று தட்டினாள். மூத்தவள் திடுக்கிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த சின்னவள் காலிப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே இருந்தாள்.

"யம்மா, பாப்பா திரும்பவே இல்ல" என்றாள் மூத்தவள்.

சின்னவள் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் அப்பாவும் தாமதமாகத்தான் பேசினாராம் என்று சொல்லியே நாளைக் கடத்தியிருந்தோம். அவள் முதுகுக்குப் பின்னால் கை தட்டினேன். மறுபடியும் தட்டினேன். அவள் பெட்டி அடுக்குவதை நிறுத்தவே இல்லை; சத்தம் அவள் காதில் விழவில்லை.

கதவைத் திறந்தபோது தெருவில் அந்தப் பெண் இல்லை. யாரை ஒளித்து வைத்தேனோ அந்த மூத்தவளையே அனுப்பினேன். "ஏட்டி, ஓடு! அந்த அக்காவக் கூட்டிட்டு வா!"

இன்றும் யாராவது கதவைத் தட்டினால் நான் முதலில் சின்னவளைத்தான் திரும்பிப் பார்க்கிறேன்.

மூத்தவளும் அந்தப் பெண்ணும் மூச்சிரைக்க வந்தார்கள். அந்தப் பெண் மூத்தவளின் பசை காய்ந்த விரல்களைப் பார்த்தாள்.

"இவ பள்ளிக்கூடத்தப் பத்தி நாளைக்குப் பேசுவோம்க்கா. இப்பச் சின்னவளக் காட்டுங்க."