மருந்துக்கடைக்காரரின் நாக்கு

மேடையில் நின்றபடியே அவருக்கு நாக்கு கட்டிப்போச்சாம். ஊரெல்லாம் இதே பேச்சு. கர்த்தர் கட்டினார் என்று ஒரு கட்சி, சாத்தான் கட்டினான் என்று ஒரு கட்சி. இரண்டிலும் சேராத சலூன்காரர், "அதெல்லாம் இல்லப்பா, இது பக்கவாதம். என் மாமனாருக்கும் இப்படித்தான் இழுத்துக்கிச்சு" என்று, முகமெல்லாம் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருப்பவரிடம் தன் வாயைக் கோணிக் காட்டுகிறார். மூன்று கட்சிக்காரர்களும் அந்த ஆளிடம்தான் போய் மருந்து வாங்குகிறார்கள். அவர் பேசுவதைக் காதாரக் கேட்கிறார்கள். கேட்டுவிட்டு வெளியே வந்து, "பாவம், நல்ல நாக்கு" என்கிறார்கள். நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். அப்புறம் எந்தக் கட்சியில் சேர்வது என்பது உங்கள் இஷ்டம்.

அவர் மருந்துக்கடைக்காரர். கடை என்றால் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் தெருவில் நிற்க வேண்டிய அகலம். உள்ளே ஒரு ஸ்டூல் உண்டு. அதில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை, அது பூனைக்கு. மாத்திரை அட்டையைக் கத்தரித்தால் முனை கூராக நிற்கும் அல்லவா, அந்த நாலு முனையையும் மழுக்கி வெட்டித்தான் கையில் கொடுப்பார். கிழவிகள் கையைக் கிழித்துக்கொள்ளக் கூடாதாம். பொட்டலம் கைக்கு வந்துவிட்டது என்று யாரும் கிளம்பிவிட முடியாது. ஒப்பிக்க வேண்டும்.

"காலையில ஒண்ணு, சாப்பிட்டப்புறம். சொல்லுங்க பாப்போம்."

"காலையில ஒண்ணு."

"எப்போ?"

"அதான் காலையிலன்னு சொன்னேனே."

"சாப்பிட்டா, சாப்பிடாமலா பெரியவரே?"

"மருமக போட்டாத்தானேப்பா சாப்பிடறது!"

"போடச் சொல்லுங்க. மருந்துக்கடைக்காரர் சொன்னார்னு சொல்லுங்க."

மருமகள் போட்டுவிடுவாள். டாக்டர் சொன்னால் இரண்டு நாள் கேட்பார்கள். இவர் சொன்னால் மாத்திரை தீரும்வரை கேட்பார்கள். குரல் அப்படி. அடிவயிற்றிலிருந்து வந்து, எதிரே நிற்பவரின் தோளில் கை போடுகிற குரல்.

அந்தக் குரலுக்கு இன்னொரு உத்தியோகமும் இருந்தது. இளவயதில் கப்பல் ஏறி, சமையல்கட்டில் பாத்திரம் கழுவியவர். வெளிநாட்டு மொழியைத் திட்டு வாங்கி வாங்கியே கற்றுக்கொண்டார். சபை மேடைக்கு வந்தபிறகு திட்டுகளைக் கழித்துவிட்டு மிச்சத்தை ஊழியத்துக்குக் கொடுத்துவிட்டார். சபைக்கு எந்த வெளிநாட்டுப் பிரசங்கியார் வந்தாலும் பக்கத்தில் இன்னொரு மைக்கோடு நிற்பவர் இவர்தான். பேர் "எதிரொலி". வெறுமனே மொழிபெயர்க்கிற ஆள் இல்லை. பிரசங்கியார் துள்ளினால் இவரும் துள்ளுவார். அவர் கையை வீசினால் இவர் கையும் அதே உயரத்தில் வீசும். அவர் அழுதால் இவர் கண்ணிலும் தண்ணீர் நிற்கும். ஒருமுறை வந்தவருக்கு வாக்கியத்துக்கு வாக்கியம் இருமல். இவரும் இருமிவைத்தாரா இல்லையா என்று இன்னும் சண்டை நடக்கிறது.

"ஒரு சொல் கூட்டமாட்டேன், ஒரு சொல் குறைக்கமாட்டேன். பேசறவர் வேற, நான் வேற. நான் வெறும் குழாய்" என்பார், பெருமையாக.

வீட்டுக்காரம்மாவுக்கு இதில் தனி வருத்தம். "மேடையில அந்தத் துள்ளு துள்றாரு. வீட்ல காஸ் தீந்துபோச்சுன்னு சொன்னா ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். யாராவது வெளிநாட்டுக்காரரைக் கூட்டிட்டு வந்து நடுவுல உக்கார வெச்சாத்தான் இந்த மனுஷன் எங்கிட்ட ரெண்டு வார்த்தை பேசுவார் போல."

போன வருஷக் கூட்டத்துக்கு ஒரு பெரிய பிரசங்கியார் வந்தார். கோட்டுப் போட்டவர், நல்ல உயரம். விசுவாசத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தவர், கோட்டுப் பையிலிருந்து ஒரு மருந்துப் புட்டியை எடுத்தார். விசுவாசம் இருக்கிறவனுக்கு இது எதற்கு, தூக்கி எறி என்று சொல்லி மேடைக்குப் பின்னால் வீசினார். எதிரொலியின் கையில் புட்டி இல்லை. இல்லாத புட்டியை அவரைவிட வேகமாக வீசினார். "எறிஞ்சிடு! இன்னைக்கே எறிஞ்சிடு!" ஸ்பீக்கர் அதிர்ந்தது. பந்தலே எழுந்து நின்று அல்லேலூயா என்றது.

மறுநாள் காலையில் வழக்கம்போல மாத்திரை வெட்டிக்கொண்டிருந்தவரைச் சலூன்காரர் விடவில்லை. "என்னண்ணே, நேத்து எறியச் சொன்னீங்க, இன்னைக்கு விக்கறீங்க? எறிஞ்சதைப் பொறுக்கிட்டு வந்துட்டீங்களா?"

"அது அவர் சொன்னது. இது நான் சொல்றது."

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

துணி தேய்க்கும் அக்கா ஒருத்தி அந்தக் கடைக்கு வருவாள். மகளுக்கு வலிப்பு. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, ஒரு வேளைகூட விடக் கூடாது. அம்மாவும் ஒப்பிப்பாள், மகளும் ஒப்பிப்பாள். மாத்திரை தவறாமல் போனதில் அந்தப் பெண்ணுக்கு வலிப்பு வந்து வருஷக்கணக்கில் ஆகியிருந்தது. கூட்டத்துக்கு அடுத்த மாதம் அக்கா வரவில்லை. ஆஸ்பத்திரியில் சும்மா கொடுக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டார். அதற்கடுத்த மாதமும் வரவில்லை. அப்புறம் சாவுச் செய்திதான் வந்தது. பெண் குளிக்கப் போயிருக்கிறாள், வலிப்பு வந்திருக்கிறது, தண்ணீர்த் தொட்டிக்குள் தலை கவிழ்ந்துவிட்டது. உள்ளே தண்ணீர்க் குழாய் திறந்திருந்ததால் வெளியே சத்தம் கேட்கவில்லை.

அடக்கமெல்லாம் முடிந்தபிறகு ஒருநாள் அவர் அந்த வீட்டுக்குப் போனார். ஒரே அறை. சுவர் ஓரமாக அடுத்தவர்கள் சட்டைகள் குவிந்து கிடந்தன. அக்கா தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"மாத்திரையை ஏம்மா நிறுத்தினே?"

"நீங்கதானே அண்ணே நிறுத்தச் சொன்னீங்க?"

"நான் எங்கம்மா சொன்னேன்? அது பிரசங்கியார் சொன்னது."

"அவர் என்னமோ சொன்னார். அவர் பேச்சு எனக்கு என்ன புரியும்? உங்க குரல்லதானே கேட்டேன். ஒரு வேளைகூட விடாதேன்னு சொன்ன அதே குரல்தானே, எறின்னு சொல்லிச்சு. மருந்து விக்கறவரே எறியச் சொல்றார்னா அதுல ஏதோ இருக்கணும்னுதான் எறிஞ்சேன். இல்லேன்னா, முன்னபின்ன தெரியாத மனுஷன் பேச்சைக் கேட்டுப் புள்ள மருந்தை நிறுத்துவேனா?"

அவள் சண்டைக்குச் சொல்லவில்லை. மடித்த சட்டையை எடுத்துக் கொடுக்கிற மாதிரி சொன்னாள். அடுத்த சட்டையை எடுத்து விரித்தாள். இஸ்திரிப்பெட்டியை இழுத்தபடி சொன்னாள். "கொஞ்சம் தள்ளிக்கங்கண்ணே. ஒயர் மேல நிக்கறீங்க."

நேராகச் சபைப் போதகரிடம் போனார். போதகர் கெட்டவர் இல்லை. யார் மனசும் நோகக் கூடாது என்று நினைக்கிறவர். "அவர் சொன்னது ஆவிக்குரிய அர்த்தத்துல தம்பி. ஜனங்க சரியா புரிஞ்சுக்கல."

"சரியாத்தான் புரிஞ்சுக்கிட்டாங்க ஐயா. புரியற மாதிரி சொன்னதே நான்தான்."

"அவர் அடுத்த வருஷம் வரும்போது அந்தப் பகுதியை விட்டுடச் சொல்றேன். நானாச்சு."

இந்த வருஷம் அதே பிரசங்கியார் வந்தார். மேடை ஏறுமுன் மருந்துக்கடைக்காரர் கேட்டார். "சொல்லிட்டீங்களா ஐயா?"

"அவ்வளவு தூரம் பயணம் பண்ணி வந்திருக்கார். பெரிய மனுஷன். ஜாடையாச் சொன்னேன்."

ஜாடை எந்த மொழியில் போய்ச் சேர்ந்ததோ தெரியாது. பாதிப் பிரசங்கம் வரை எதிரொலி துள்ளவேண்டிய இடத்தில் துள்ளினார், அழவேண்டிய இடத்தில் அழுதார். பிரசங்கியாரின் கை கோட்டுப் பைக்குள் போனது. மேடையிலிருந்து பார்த்தால் முன்வரிசை முழுக்க அவர் வாடிக்கை. பெயர் மறந்தாலும் மாத்திரை மறக்காது அவருக்கு. மூன்றாவது நாற்காலி சர்க்கரை. பக்கத்தில் இதயம். தூணோரம் மருமகள் சாப்பாடு போடுகிற பெரியவர், ரத்தக் கொதிப்பு. எல்லாருடைய முகமும் பிரசங்கியாரைப் பார்த்தது. காது மட்டும் இவர் பக்கம் இருந்தது.

புட்டி பறந்தது. பிரசங்கியார் வாக்கியத்தை முடித்துவிட்டு எதிரொலிக்காகக் காத்திருந்தார். வரவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னார். வரவில்லை. ஸ்பீக்கரில் இவர் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் பந்தலெல்லாம் கேட்டது. உதடு இறுகி, கழுத்து நரம்பு புடைத்து நின்றார்.

"ஏங்க, எறியாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்று வீட்டுக்காரம்மா பிற்பாடு கேட்டிருக்கிறாள்.

"மேடையில வாயைத் தொறந்தா அவர் சொன்னதுதான் வரும். அத்தனை வருஷப் பழக்கம். அதான் தொறக்கல."

போதகர் ஓடிவந்து தொண்டையில் எண்ணெய் பூசி ஜெபித்தார். பாட்டுக்காரர்கள் பாட்டை எடுத்தார்கள்; கூட்டம் அதோடு முடிந்தது. அன்றைக்கு ஒருத்தரும் மாத்திரையை எறியவில்லை. அதைப் பற்றி யாருக்கும் பேச்சில்லை. எல்லாருக்கும் நாக்குதான் முக்கியமாகிவிட்டது.

அந்த வாரமே ஒரு காலையில் போதகர் கடைக்கு வந்தார். சலூன்காரர் தலைவலி மாத்திரைக்கு நின்றிருந்தார். பெரியவர் ஒப்பித்துக்கொண்டிருந்தார். போதகருக்கு இடமில்லை, தெருவில் நின்றபடியே பேசினார்.

"ஸ்தோத்திரம் தம்பி. குரல் திரும்பிடுச்சே, பாத்தீங்களா! பிரசங்கியார் ஊர் போய்ச் சேந்ததும் உங்களைத்தான் விசாரிச்சார். கட்டின நாக்கை ஜெபம் அவுத்துச்சுன்னு நீங்க ஒரு சாட்சி சொல்லணும். வீடியோ எடுத்து அனுப்பறோம். சின்னதாப் போதும்."

"அடுத்த வருஷமும் வர்றாரா?"

"வர்றார். நீங்க சாட்சி சொன்னீங்கன்னா மேடையில நீங்கதான். இல்லேன்னா வேற ஆளைப் பாக்கணும்னு சொல்றாங்க. எனக்கு மனசு கேக்கல, அதான் நானே வந்தேன்."

சலூன்காரர் சில்லறையை வாங்காமல் நின்றார். எந்தக் கட்சி ஜெயிக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் நகர்கிற ஆள் இல்லை அவர். மருந்துக்கடைக்காரர் பெரியவரின் அட்டையை முனை மழுக்கி முடித்து, அவர் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார். அப்புறம்தான் தெருவைப் பார்த்தார். மேடைக் குரலிலேயே பேசினார்.

"கர்த்தர் என் நாக்கைக் கட்டலைங்க ஐயா. சாத்தானும் கட்டல. கட்டறதா இருந்தா போன வருஷமே கட்டியிருக்கணும்."