வெளியே வராத முறம்

இலங்கை மலைநாட்டில் தெமோதரைக்கு மேலேயிருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசைவீடான லயத்தில், பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவில் எட்டுப் பேருக்குக் குடித்தனம் நடத்தினாள் பிரான்சிஸ்கா. பானைகள் உறியில் தொங்கின. கம்பளிகள் பரணில் ஏறின. தகரப்பெட்டிக்கும் பின்சுவருக்கும் நடுவேயிருந்த இரண்டு விரல் இடைவெளியைக்கூட அவள் வீணாக்கவில்லை. முறத்தை அதற்குள்தான் செருகிவைப்பாள்.

1913 கார்த்திகையில் ஒன்பது நாள் மழை ஓயவேயில்லை. கொழுந்து பறிக்க மலைக்கு ஆளை அனுப்பாமல் வேலையை நிறுத்தியிருந்தார்கள். பத்தாம் நாள் காலையில் அவள் முறத்தை இழுத்தாள், வரவில்லை. பெட்டியை யாரும் நகர்த்தியிருக்கவில்லை. சுவரைத் தடவிப் பார்த்தாள். அது உள்பக்கமாகப் பிதுங்கியிருந்தது. சுவருக்கு அந்தப்பக்கம் மலைச்சரிவு.

"என்னங்க, செவுரு உள்ள வருது. புள்ளைகளத் தூக்குங்க," என்றாள் கணவன் யாகோப்பிடம்.

"மழையில ஊறியிருக்கும், புள்ள."

"அந்த ரெண்டு வெரல் எடம் எனக்குத் தெரியாதா? எந்திரிங்க!"

போகும்போது பக்கத்துக் காம்பராக் கதவையும் தட்டினாள். தனியாளான மத்தேயு காய்ச்சலில் சுருண்டு கிடந்தார். "இந்த மழையில எங்க தாயி போறது? விடட்டும், வாறேன்," என்றார்.

சாமான்களை அப்படியே விட்டுவிட்டு எட்டுப் பேரும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களக் கொட்டகைக்கு ஓடினார்கள். பிரான்சிஸ்காவுக்கு மனம் ஆறவில்லை. "அவரத் தூக்கிட்டு வந்துருங்க," என்று யாகோப்பை அனுப்பினாள்.

அவன் பாதி வழி போவதற்குள் சரிவு இறங்கியது. இரண்டு காம்பராக்கள் இருந்த இடத்தில் சிவப்புச் சேறு நின்றது. முழங்கால் சேற்றில் நின்று யாகோப்பு, "மத்தேயண்ணே! மத்தேயண்ணே!" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.