சின்ன மாமாவின் ஈயமீன் அச்சு

அம்மாவின் தம்பி, சின்ன மாமா, கட்டாரிலிருந்து லீவில் வந்தபோது எனக்குப் பேசும் பொம்மையும், அப்பாவுக்குக் கைக்கடிகாரமும், அம்மாவுக்கு ஒரு பெரிய டின் பால்மாவும் கொண்டுவந்தார். தனக்கென்று கொண்டுவந்தது ஒரேயொரு சாமான்தான். அதைத் துவாயில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்திருந்தார். பிணைச்சல் போட்ட இரண்டு அலுமினியத் துண்டுகள். சின்னப் புத்தகம் மாதிரித் திறந்து மூடலாம். திறந்தால் ஒவ்வொரு பக்கத்திலும் பாதி மீன் குழியாக வெட்டியிருக்கும். உள்ளே தூண்டில் முள்ளை வைத்து மூடி, மேலேயுள்ள துளையால் உருக்கிய ஈயத்தை ஊற்றினால் முள்ளோடு சேர்ந்த ஈயமீன் ஒன்று கிடைக்கும். அதை நூலில் கட்டி எறிந்து சுண்டிச் சுண்டி இழுத்தால், பெரிய மீன்கள் நிச மீன் என்று நம்பிக் கடிக்கும். கூட வேலை செய்த பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது மாமாவுக்குக் கொடுத்த அச்சு அது.

எங்கள் வீடு கல்லடியில். பாலத்துக்கு நடந்தே போகலாம். அந்த லீவில் மாமாவின் திட்டம் வாவியில் கொடுவா மீன் பிடிப்பது. அம்மாவின் திட்டம் மாமாவுக்குப் பெண் பிடிப்பது. ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால் அம்மா யாராவது ஒருவரோடு ஒதுங்கி நின்று பேசுவார். பின்னேரம் ஒரு போட்டோ வீட்டுக்கு வந்துவிடும். மாமா அதை மரியாதையாகப் பார்த்து, நல்ல பிள்ளைதான், மறுகா பார்ப்போம் என்று சொல்லிவிட்டு அச்சைத் துடைக்கப் போய்விடுவார்.

ஆனால் அச்சு முதல் நாளே பிழைத்துவிட்டது; முள் உள்ளே பொருந்தவில்லை. அந்த அச்சுக்குக் கழுத்து வளைந்த முள் வேண்டும். எங்கள் கடைகளில் கிடைத்ததெல்லாம் நேர் முள். முள் இருக்கும் வெட்டை மாற்றி அராவ வேண்டும் என்று மாமா டவுனில் ஒரு லேத் கடையைத் தேடிப் பிடித்தார். என்னையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பாலத்தைத் தாண்டினார்.

கடையின் உட்புறம் ஒரு வயதானவர் மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். முன்மேசையில் அவருடைய மகள் பூட்டுகளுக்குத் திறப்பு வெட்டிக்கொண்டிருந்தார். நான் அவருக்குத் திறப்பு அக்கா என்று பெயர் வைத்தேன். கொண்டையில் பென்சில் செருகியிருக்கும். கையில் எப்போதும் கறுப்பு ஒட்டியிருக்கும். அச்சை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, சின்ன அரம் ஒன்றை எடுத்து, அங்கேயே நின்ற மாமாவிடம் எந்த மீனுக்கு, எவ்வளவு ஆழத்துக்கு என்று கேட்டுக் கேட்டு அராவினார். கட்டாரில் ஒரு பெரிய கட்டடத்துக்கே மேற்பார்வை பார்க்கிறவர் என்று அம்மா பெருமையடிக்கும் மாமா, அந்தக் கேள்விகளுக்குத் திக்கித் திக்கிப் பதில் சொன்னார்.

வீட்டுக்கு வந்து முற்றத்து மூலையில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினோம். கிழிந்த வலைகளிலிருந்து கழற்றிய ஈயக்குண்டுகளை ஒரு பழைய டின்னில் போட்டு மாமா உருக்கினார். நான் கிணற்றடியைத் தாண்டி அடுப்புப் பக்கம் போகக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. மூக்கில் லேஞ்சியைக் கட்டிக்கொண்டு அங்கிருந்தே மேற்பார்வை பார்த்தேன். முள் சரியாகப் பொருந்தியது. ஆனால் புது வெட்டின் வழியாக ஈயம் ஒழுகியது. மாமா பெரிதாகக் கவலைப்படவில்லை. குளித்து, சென்ட் அடித்து, நல்ல சேர்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு, வா மனே, கடைக்குப் போவோம் என்றார். எங்கள் ஊரில் பெண்பிள்ளையையும் மனே என்றுதான் கூப்பிடுவார்கள்.

திறப்பு அக்கா பித்தளைத் துண்டு ஒன்றைச் செருகி ஒழுக்கை அடைத்தார். அடுத்த முறை மீனின் வயிறு பெருத்துவிட்டது, வாவியின் அடிச் சேற்றில் புதையும் என்றார் மாமா. வயிற்றுக் குழிக்குள் ஒரு மெல்லிய தகடு வைத்து அக்கா அதை ஒடுக்கினார். பிறகு வால் பிழைத்தது. ஈயம் வால் நுனிவரை ஓடாமல் பாதியில் இறுகி, பூனை கடித்த மீன்போல வெளியே வந்தது. வால் விஷயமாக நாங்கள் பாலத்தைத் தாண்டிய தடவைகளுக்குக் கணக்கில்லை. நான் இல்லாமல் மாமா ஒருநாளும் போகமாட்டார். வேலை தெரிந்த ஆள் ஒன்று பக்கத்தில் வேண்டும் என்பதற்காகத்தான் கூட்டிப்போகிறார் என்று நினைத்து, பள்ளிக்கூடத்திலும் அப்படியே சொல்லி வைத்திருந்தேன்.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அப்பா, அச்சில் ஒரு பிழையும் இல்லை என்று மெதுவாகச் சொன்னார். அம்மா சிரித்தார். எனக்கு அப்பாமீது கோபம் வந்தது. வாலைப் பார்க்காமலே எப்படிச் சொல்லலாம்?

லீவு முடிய ஒரு கிழமை, ஏழே நாள்தான் இருந்தது. அந்த வாலைச் சரிப்படுத்தாமல் மாமா விமானம் ஏறிவிடுவாரே என்று எனக்கு ஒரே துக்கம். சனிக்கிழமை காலையில் விறாந்தையில் கிடந்த அச்சை எடுத்தால், உள்ளே எறும்பு குடியேறியிருந்தது. ஊதிப் பார்த்தேன், போகவில்லை. மெழுகுதிரித் துண்டு ஒன்றைக் கொளுத்தி அச்சைத் திறந்து மேலே பிடித்துப் புகை காட்டினேன். எறும்பு போய்விட்டது. குழி முழுவதும் கரி படிந்து கறுத்துவிட்டது. மாமா வந்து பார்த்து, என்ன இது என்றார். துடைக்கச் சோம்பலாக இருந்ததோ என்னவோ, அப்படியே ஈயத்தை ஊற்றினார்.

திறந்தபோது மீன் முழுதாக இருந்தது. வால் நுனிவரை ஈயம் ஓடி, செட்டையில் இருந்த கோடுகள்கூட விழுந்திருந்தன. கரி படிந்தால் ஈயம் வழுக்கி ஓடும் என்று அப்போது எங்கள் இருவருக்கும் தெரியாது. நான் கிணற்றைச் சுற்றி ஓடினேன். மாமா கல்லின்மேல் உட்கார்ந்து அந்த மீனைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். செத்த வீட்டு முகம். இன்னும் இரண்டு ஊற்றிப் பார்த்தார். அவையும் அழகாக வந்தன.

“சரி வந்திட்டு,” என்றார், யாரோ எதையோ பறித்துக்கொண்டதுபோல.

கடைக்குக் காட்டிவிட்டு வருவோம் என்று நான்தான் அவரை இழுத்துக்கொண்டு போனேன். அன்று சென்ட்கூட அடிக்கவில்லை. கடையில் மாமா மீனை மேசைமேல் வைத்தார். திறப்பு அக்கா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். புகை காட்டியது நான் என்று சொன்னேன். கெட்டிக்காரி என்றார். ஆனால் அவர் முகத்திலும் சந்தோசம் இல்லை.

“இனி ஒரு வேலையுமில்ல,” என்றார் மாமா. “வாற சனிக்கிழமை நான் போறன்.”

பின்னால் ஓடிக்கொண்டிருந்த மெஷின் நின்றது. திறப்பு அக்கா அச்சை வாங்கித் திறந்தார். சின்ன அரத்தை விட்டுவிட்டு முரட்டு அரத்தை எடுத்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கவே வால் குழிக்குக் குறுக்கே ஒரே இழுப்பில் ஒரு கோடு போட்டார். அலுமினியத் தூள் மேசையில் கொட்டியது.

“வால் பிழைச்சுப் போச்சு,” என்றார் மாமாவின் முகத்தைப் பார்த்து. “திருத்த நாளாகும். நாளைக்கு உங்கட அக்காவையும் கூட்டிக்கிட்டு வாங்க. எங்கட அப்பா கடையில இருப்பார்.”

அந்தக் கோடு இன்றைக்கும் அச்சில் இருக்கிறது. அதில் வார்க்கும் ஒவ்வொரு மீனுக்கும் வாலில் ஒரு தழும்பு விழும். திருத்தித் தாருங்கள் என்றால் மாமி கேட்கமாட்டார்.

அன்றைக்கு எனக்கு அழுகை அடங்கவில்லை. திரும்பும் வழியில் மாமா ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். பாலத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி வாவியைப் பார்த்துச் சீட்டியடித்தார். வீட்டுக்கு வந்ததும் நான் ஓடிப்போய், அந்த அக்கா நல்ல அச்சை வேண்டுமென்றே கெடுத்துவிட்டார், நாளைக்கு உங்களையும் வரச் சொல்கிறார் என்று அம்மாவிடம் முறையிட்டேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, என்னை அப்படியே கட்டிக்கொண்டார்.

மறுநாள் அப்பா ஒரு சீப்பு வாழைப்பழமும் கேக்கும் வாங்கி வந்தார். லேத் கடைக்கு எதற்கு வாழைப்பழம் என்று நான் கேட்டதும் அப்பா கேக்கை மேசையில் வைத்துவிட்டுச் சேர்ட் மாற்றப் போய்விட்டார். எனக்கு வேறு கவலை. அம்மா அச்சைக் கையால்கூடத் தொட்டதில்லை. அங்கே போய் ஒன்றும் தெரியாமல் விழித்துக்கொண்டு நின்றால் எங்களுக்குத்தானே வெட்கம்? பட்டுச்சாறிக்கு அயன் போட்டுக்கொண்டிருந்தவரின் பக்கத்தில் நின்று, முள் எங்கே இருக்க வேண்டும், ஈயம் எப்படி ஒழுகும், வால் ஏன் பிழைக்கும் என்று எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தேன். அம்மா ஒரு கேள்வியும் கேட்காமல், “ஓம் மனே, ஓம்,” என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.